மூன்று வரி

ராமபாணப் பூச்சி முதல் தாளைத் தின்றுவிட்டது.
எழுதியவன் பெயர் அதன் வயிற்றில்.
மிச்சம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்:
வடக்கே, கடல் உறையும் ஒரு ராஜ்யத்தில்
அரண்மனை விருந்தாளியாக
ஒரு குளிர்காலம் தங்கியவன் எழுதியது.
நாகர்கோவில் பயோனஸ் சார்
பக்கத்துக்கு நூற்றெண்பது பேசினார்.
"பழைய சரக்கு, உரிமைத் தொல்லை இல்லை.
ஓணம் லீவுக்கு முன்னே முடிச்சுத் தாங்க டீச்சர்."

குழித்துறையில் இடவப்பாதி.
ஆறு செம்மண்ணாய்க் கலங்கிப் போகிறது.
மாடிக் கொடியெல்லாம் ரப்பர் ஷீட்டு,
எழுதும் அறைவரை அதன் புளித்த வாடை.
முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன்:
நகரம் முழுக்கப் பனி.
எங்கள் பக்கம் பனி என்றால் காய்ச்சல்.
மருந்துக்கடை ரெஜிகுமாரிடம் வாசித்துக் காட்டினேன்:
கூரையெல்லாம் பனி, பாலத்தில் பனி,
ராஜாவின் தோட்டத்தில் முழங்காலளவு பனி.
"டெங்குவா இருக்கும்" என்றான்.
மாற்றாமல் விட்டேன்.

அப்புறம் விருந்து, நாற்பத்தொரு பக்கம்.
எந்தச் சீமாட்டிக்குச் சாய்வு வைத்த நாற்காலி,
எவளுக்கு முக்காலி,
எவள் சுவரோடு நிற்க வேண்டும்.
சூப் ஆறிப்போனதற்கு ஒரு பாரா வருத்தம்.
அரசியின் நாய்க்கு மூன்று பெயர்.
சரவிளக்கிலிருந்து மெழுகு சொட்டிச் சொட்டி
வேலைக்காரர்களின் தோள் வெளுத்திருந்ததாம்,
தூரத்தில் பார்க்கப் பதக்கம் போல.
அழகாகத்தான் எழுதுகிறான், பாவி.

நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தின்
கடைசி மூன்று வரி:
கப்பலுக்குக் கீல் விற்கும் வணிகனின் மகள்
வெள்ளைக் கை வைத்த உடையில் வந்தாள்.
அவள் தரத்துக்குக் கறுப்புக் கைதான்.
வாசலில் நின்றவர் தம் கோலால்
அவள் தோளைத் தொட்டார். வண்டி திரும்பியது.
ஒழுங்குதான் எவ்வளவு அழகு.

மேலே தேதி போட்டிருந்தான்,
ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பது, பிப்ரவரி.
பேனாவை மூடி வைத்தேன்.
அந்த வருடம் இங்கேயும்
கல்குளத்துச் சந்தைக்கு வந்த பெண்களுக்கு
ஒரு அரண்மனை உத்தரவு இருந்தது:
குப்பாயம் போடலாம்,
மேல்முண்டு கூடாது.
கோல் தொட்டதோடு நிற்கவில்லை இங்கே.

ஜங்ஷனில் றோஸ்லியின் தையல்கடைக்குப் போனேன்.
தோளில் உப்பி, முழங்கைக்கு மேலே
இறுகி நிற்கிற கைக்கு என்ன பெயர்?
"புஃப் கை. துணி கொண்டு வந்தியளா?"
இல்லை, ஒரு புஸ்தகத்துக்கு.
மிஷினை நிறுத்தாமல் சொன்னாள்,
"நாளைக்குப் பதினெட்டு பிளவுசு, கல்யாண வீடு.
எல்லாத்துக்கும் அந்தக் கைதான் வேணுமாம்.
எனக்கு முதுகு ஒடியுது."

ராத்திரி கரண்ட் போனபின்
மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எழுதினேன்.
கறுப்புக் கையைக் குப்பாயம் என்று,
வெள்ளைக் கையை மேல்முண்டு என்று.
பயோனஸ் சார் போனில் சிரித்தார்.
"அந்தக் குளிரிலே மேல்முண்டா டீச்சர்,
ஆளு வெறச்சுச் செத்துப் போவாளே."
அடிக்குறிப்பு போடலாமா என்றேன்.
அடிக்குறிப்புக்குக் காசு கிடையாது என்றார்.
திருத்திவிட்டேன்.
வெள்ளைக் கை. கறுப்புக் கை.

வண்டிக்குள் அவள் என்ன செய்தாள் என்று
அவன் எழுதவில்லை.
கைகளைப் பிய்த்து எறிந்தாளோ,
வீட்டில் சொல்லவேண்டிய பொய்யை யோசித்தாளோ,
குதிரைக்காரனை மெதுவாகப் போகச் சொன்னாளோ.
அடுத்த பக்கத்தில் மறுபடி நாய்.

பக்கத்துக்கு முப்பத்தாறு வரி.
வரிக்கு ஐந்து ரூபாய்.
அவள் பங்கு பதினைந்து.
செக் வந்த அன்று
பாலத்தடி டீக்கடையில்
அதற்கு ஒரு பழம்பொரி வாங்கினேன்.
சூடு, நாக்கு பொத்துப்போயிற்று.
மழை சாய்ந்தடித்து
என் வலது கை முழுக்க நனைந்தது.