பிடித்துக்கொண்டு சொல்

நவம்பரின் கடைசித் திங்கள்.
விடியுமுன் பப்னிக்கோ துறையிலிருந்து
சிங்கி இறால் படகுகள் கிளம்பும் நாள்.
ஆன்செல்ம் சூரெத் இந்த ஆண்டு போகவில்லை.
அவன் பொறிகளை மச்சான் வில்ஃப்ரிட் இறக்குவான்.
ஆன்செல்ம் ஹாலிஃபாக்ஸில்,
மூன்றாம் மாடியில், ஜன்னலில்லாத அறையில்,
மகளின் தோலிலிருந்து கிள்ளி
ஐந்து வாரம் வளர்த்த செல்களைத்
திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நீலம்.
ஒவ்வொன்றின் நடுவைச் சுற்றியும்
கொட்டிக் கிடக்கிற நீலம்.
"சாயம் கொழுப்பைத் தேடிப் போய் ஒட்டும்," என்கிறாள் மருத்துவர்.
"இவ்வளவு ஒட்டக் கூடாது."

ஸெலிக்கு எட்டு வயது.
முதலில் படிக்கட்டில்தான் தெரிந்தது.
கீழே பார்க்கக் கண் வராது;
இமையைக் கொட்டி, தலையைக் குனிந்து
தன் பாதத்தையே தேடுவாள்.
பிறகு சிரிப்பு.
சிரித்தால் போதும், முழங்கால் விட்டுவிடும்;
கொக்கியிலிருந்து வழுக்கிய கோட்டு மாதிரி
நின்ற இடத்திலேயே சரிவாள்.
மயக்கமில்லை. விழுந்து கிடந்தும் சிரிப்பாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும்
பார்த்துப் பார்த்துப் பேசினார்கள்.
காற்றின் திசை, டீசல் விலை, யாருக்கோ இடுப்புவலி.
லியோனி வானொலியில் நகைச்சுவை வந்தால் அணைத்துவிட்டு
ராப்பூருக்கு உருளைக்கிழங்கு துருவினாள்.

கொழுப்பென்றதும் ஆன்செல்முக்குத்
தான் இரவில் விழுங்கும் மாத்திரைதான் நினைவு வந்தது.
"அவள் வெண்ணெயே தொடமாட்டாளே."
சாப்பாடு காரணமில்லை.
இரத்தத்திலும் அளவு சரி.

செல்லைச் சுற்றி நெய்யால் நெய்த சுவர்,
இரண்டே மூலக்கூறு கனம்.
கொலஸ்ட்ரால் அதற்குள் ஆப்பு:
குளிரில் இறுக விடாது, வெப்பத்தில் குழைய விடாது.
நெடுவால் ஸ்ஃபிங்கோலிப்பிடுகள்
அதன் தோளோடு தோள் உரசி நின்றால்
சுவரிலேயே ஒரு தெப்பம் மிதக்கும்.
வெளியிலிருந்து வரும் சேதிகள் பல
அந்தத் தெப்பத்தில்தான் கால் வைக்கும்.
நரம்பின் போர்வையிலும் இந்த இரண்டும் உண்டு.
விடுகதை போட்டு வழிமறித்த
பழைய மிருகம் ஒன்றின் பெயரை
யாரோ ஒருவர், விளங்காமல், இவற்றுக்கு வைத்துப் போனார்.

ஸெலியிடமும் இரண்டும் உள்ளே வருகின்றன.
பழையதைப் பிரிக்கும் சின்னப் பைக்குள் நுழைகின்றன.
அதன் வெளிக்கதவுக்கு
அப்பா வழியில் ஒரு பிழை,
அம்மா வழியில் ஒரு பிழை.

மருத்துவர் படம் வரையத் தொடங்கினாள்.
ஆன்செல்ம் பேனாவை வாங்கிக்கொண்டான்.
பொறியின் முதல் அறைக்குச் சமையலறை என்று பெயர்,
இரை தொங்குவது அங்கே.
அடுத்தது கூடம்.
கூடத்துக்குள் வந்தது திரும்பாது.
"இதுதானே?"
"இதேதான்."
அவன் கூடத்துச் சுவரில் ஒரு சிறு நீள்சதுரம் போட்டான்.
குஞ்சுகள் தப்பிப் போக.
சட்டம். எல்லாப் பொறியிலும் இருக்க வேண்டும்,
இல்லையென்றால் அபராதம்.
பேனாவை மூடினான்.
மருத்துவர் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு
ஒரு மாத்திரை இருப்பதாகச் சொன்னாள்.
கதவைத் திறக்காது.
வரத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

என் மொழியில் கொழுப்பு என்றால் திமிரும்தான்.
அங்கே அப்படியொரு வழக்கு உண்டா, தெரியாது.

மூன்று மணி நேரம் காரோட்டி வீடு சேர்ந்தபோது
வில்ஃப்ரிட் உட்கார்ந்திருந்தான், உப்பு காயாத கையோடு,
வாய் குழிந்து.
தளத்தில் கழற்றி வைத்த பொய்ப்பல்லை
இரையென்று நினைத்து ஒரு கடற்காகம்
தூக்கிப் போன கதையைப் பாதி சொன்னவன்
ஸெலியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.
"மீதி?"
யாரும் வாய் திறக்கவில்லை.

அவள் எழுந்தாள்.
அடுப்பருகே விரிப்பின் நடுவில் போய் நின்றாள்.
அப்பாவின் கையை ஒரு கக்கத்திலும்
அம்மாவின் கையை, துருவிய மாவோடு,
மறு கக்கத்திலும் செருகிக்கொண்டாள்.
கொழுப்புதான் அவளுக்கு.

"இப்பச் சொல்லு மாமா.
பறந்து போயி,
பல்லை அது மாட்டிக்கிச்சா?"