ரேகை

கொய்யா இலையைத் திருப்பினால்
அடியில் வெள்ளையாய்ச் சுழி சுழியாய்,
யாரோ பெருவிரல் உருட்டிய மாதிரி.

“சுருள் வெள்ளை ஈயிங்க்கா,
கடல் தாண்டி வந்தது.”
தோட்டக்கலை ஆபீஸ் பையன்
மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே
இந்த மூணு சென்ட்டில் என்ன கண்டதோ.
கீழே கருவேப்பிலை கறுத்துவிட்டது.
கொடியில் காயும் சேலையிலும் பிசுபிசுப்பு.

நேற்று ரேஷன் கடையில்
நாலு தரம் அழுத்தியும்
மெஷின் என்னை ஒப்பவில்லை.
பதினெட்டு வருசம் நார் மில்லில் தேய்ந்த விரல்.
“ரேகையே இல்லீங்களே” என்றார் சகாதேவன்,
அடுத்த கார்டுக்குக் கை நீட்டியபடி.

இது
வந்து ஆறு மாசம் ஆகலை,
இலைக்கு இலை பதித்து வைத்திருக்கிறது.

ஈரத்துணியால் துடைத்தேன்.
வெள்ளை மாவு பெருவிரலில் ஒட்டிக்கொண்டது.
கழுவவில்லை.
நாளைக்கு மறுபடி கடைக்குப் போகணும்.