ஒன்றா ஏழா

புரட்டாசி இரண்டாம் சனி. இரவுப் பணி.
ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தின்
போலீஸ் அறையில் நான், காலடியில் ஒரு ஹீட்டர்.
மூலையில் ஸிபுசிசோ
பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

வியன்னாவிலிருந்து வந்தவர்.
விடிந்தால் விண்ட்ஹூக் போகிறவர்.
நடுவில் ஆறு மணி நேரம்.
அந்த ஆறு மணி நேரத்துக்கு
எங்கள் மண்ணில் தங்கிப்போக
அவர் துப்பாக்கிக்கு அனுமதி வேண்டும்.
ஆளுக்கு வேண்டாம்.
ஆள் அவர்பாட்டுக்குக் காப்பி குடிக்கலாம்.

எங்கெல்பர்ட் ஹாஸ்லிங்கர் என்று பெயர்.
எழுபது தாண்டிய விரல்கள்
பூட்டின் எண்களைத் திருப்பத் தடுமாறின.
திறந்தால்
நுரைப்பஞ்சில் உடம்பளவுக்குப் பள்ளம் வெட்டிப்
படுக்கவைத்திருக்கிறார்.
லெனேசியா கோயிலுக்குக் கப்பலில் வந்த
பித்தளைப் பிள்ளையாருக்குக்கூட
இத்தனை பத்திரம் கிடைக்கவில்லை.
ஒரு காது நசுங்கித்தான் வந்து சேர்ந்தார்.

போல்ட் தனியே, துணியில் சுற்றி.
தோட்டாக்கள் வேறு பெட்டியில். எண்ணினேன், நாற்பது.
குழலுக்குள் கண் வைத்துப் பார்த்தேன், விதி அப்படி.
திருகித் திருகிப் போகும் தடத்தின் கடைசியில்
காசளவு டியூப்லைட்.

"எதைச் சுடப் போகிறீர்கள்?"
படிவத்தில் இல்லாத கேள்வி.
"குடு" என்றார்.

முறுக்கிய கொம்புள்ள மான். தெரியும்.
பில்ட்டாங் பொட்டலத்தின் மேல் பார்த்திருக்கிறேன்.
ஆனாலும் அந்த நேரத்தில்
வீட்டுப் பேச்சாகவே காதில் விழுந்தது.
குடு.
எதை என்று கேட்க
வாய்வரை வந்துவிட்டது.

"நீங்கள் மான்கறி சாப்பிடுவீர்களா?"
"இந்த மாதம் இல்லை."
"ஓ, கொலஸ்ட்ராலா?"
ஆமாம் என்றேன்.
பெருமாளை விளக்க அவகாசமில்லை.

இனி என் வேலை.
இரும்பில் செதுக்கிய எண்ணும்
தாளில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது.
எல்லாம் சரி, கடைசி இலக்கம் தவிர.
இரும்பில் ஒன்று.
தாளில் ஏழு,
அல்லது ஏழு மாதிரி ஒன்று.

"ஒன்றுதான்," என்றார்.
"எங்கள் பக்கம் ஒன்றுக்கு மூக்கு நீளம்."

எல்லோரும் ஏதோ ஒன்று சொல்வார்கள்.
மூன்று வருடம் முன்பு
ஓர் எட்டை இரக்கப்பட்டு மூன்றாகப் படித்தேன்.
அந்தத் துப்பாக்கி பிற்பாடு
ஒரு பெட்ரோல் பங்க்கின் பின்புறம் கிடைத்தது.
பக்கத்தில் கிடந்தவரின் பெயரை
நானே தேடிப் படித்தேன்.

கோயில் வகுப்பில்
குமுதவல்லி டீச்சர் போர்டில் எழுதுவார்:
௧, ௭.
ககரம் போல ஒன்று, எகரம் போல ஏழு.
அரைத்தூக்கத்திலும் மாறாது.
அந்த எண்களைப் போட்டு
யாரும் துப்பாக்கி செய்யவில்லை.

எண்ணினேன்,
அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்திலும்.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
அதற்காகவே அவரைக் கொஞ்சம் நம்பினேன்.

பிறகுதான் கண்ணில் பட்டது, பிறந்த தேதி.
மார்ச் பதினேழு.
அதே பேனா, அதே கை,
ஒன்றும் ஏழும் தோளோடு தோள்.
ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு, பெல்ட் கட்டியதுபோல.
ஒன்றுக்கு இல்லை.
கடைசி இலக்கத்துக்கும் இல்லை.

முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.
ஸிபுசிசோ ஒரு நகல் எடுத்தான்.
தள்ளுவண்டியில் பெட்டி முன்னே போக,
அரையடி பின்னால் அவர்,
பிணத்தோடு போகிறவரா மாப்பிள்ளையோடு போகிறவரா
என்று சொல்ல முடியாத நடையில்.

மூன்று மணிக்கு டப்பாவைத் திறந்தேன்.
சோறு, பீன்ஸ் கறி, மாங்காய் ஊறுகாய்.
இரண்டு தரம் கழுவிய விரலிலும்
துப்பாக்கி எண்ணெய்.

இடது கையால் நகலை எடுத்து
இன்னொரு முறை பார்த்தேன்.
பாழாய்ப்போன பிரிண்டர்
தாளுக்குக் குறுக்கே கோடு கோடாய் இழுத்திருக்கிறது.
ஒன்று, நான்கு, பூஜ்யம்,
எல்லாவற்றுக்கும் இடுப்பில் பெல்ட்.

அசல் அவரிடம்.
விமானம் கிளம்ப
இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.