சாய்கோடு

செவ்வாய் மதியம் இரண்டு மணி.
கெலுகோர் மேட்டில் தார் உருகும் வெயில்,
கணினிக்கூடத்துக்குள் பதினெட்டு டிகிரி.
வாசல் கொக்கியில் நான்கு குளிர்சட்டைகள்.
யாருடையவை என்று யாரும் கேட்பதில்லை,
குளிர்ந்தவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்.
இருபத்தாறு பேர், பெர்ல் பாடம், பதினான்கு வாரம்.
எனக்கு மணிக்கணக்கில் ஒப்பந்தம்.

முதல் வாரம் குறிகள்.
ஒற்றை மதிப்புக்கு முன்னால் டாலர்.
"ரிங்கிட் கிடையாதா மேடம்?" என்றான் கூ பூன் ஹெங்.
ஆண்டுதோறும் ஒருவன் கேட்கிறான்,
நானும் புதிதாய்க் கேட்பதுபோல் சிரிக்கிறேன்.

இரண்டாம் வாரம் கோப்பு திறத்தல்.
திற, இல்லையேல் செத்துப்போ.
மொழியே அப்படித்தான் எழுதச் சொல்கிறது.
பலகையைப் பார்த்த நூர் ஃபத்திஹா
வாயில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் பெயர் சொல்லாத மாறி.
எதைப் பற்றி என்று சொல்லாமலே
நிரலில் வேலை நடக்கும்.
வகுப்புக்கு அரைமணி நேரம் படம் போட்டேன்.
பின்வரிசைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும்
"சாப்பிட்டாச்சா?" என்றேன்.
யார், எதை, எப்போது, ஒன்றுமே இல்லை அதில்.
"ஆச்சு மேடம்" என்றார்கள்.
பாடம் முடிந்தது.

ஏழாம் வாரம்தான் தகராறு.
எழுத்துக்குள் எழுத்தைத் தேடும் பாடம்.
வருகைப் பட்டியலைக் கொடுத்து
அவரவர் பெயரைத் தேடச் சொன்னேன்.
பின் ஓடியது. பிந்தி ஓடியது.
கூ, ஓங், தான் எல்லாம் ஓடின.
லோகதர்ஷன் ஏ/எல் முனியாண்டியில்
நிரல் முறிந்தது.

சாய்கோட்டில் தொடங்கும் தேடல்
அடுத்த சாய்கோட்டில் முடியும். அது பெர்லின் சட்டம்.
நம் அடையாள அட்டையின் சட்டம் வேறு.
மகன் என்ற எழுத்தை ஏதோ விசை என்று எண்ணி
விழுங்கிவிட்டு, அப்பன் பெயரில் வந்து முட்டி,
செயற்குறி எதிர்பார்த்த இடத்தில்
வெறுஞ்சொல் நிற்கிறது என்று
சிவப்பில் கத்தியது திரை.
"எங்கப்பா வெறுஞ்சொல்லா?" என்றான் லோகதர்ஷன்.
பூன் ஹெங் நாற்காலியோடு சரிந்து சிரித்தான்.

ஒவ்வொரு மேசையாய்ப் போனேன்.
எட்டுப் பேருக்குச் சிவப்பு.
கோட்டுக்கு முன்னே ஒரு பின்சாய்கோடு வை,
இல்லை, எல்லையை வேறு குறியால் கட்டு.
ரேணுமதியின் திரை மட்டும் சுத்தமாயிருந்தது.
"அட, நீ எப்படித் தப்பித்தாய்?"
கேட்ட பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன்.
"என் பெயரில் கோடு இல்லையே மேடம்"
என்றாள், மணி என்ன என்று சொல்வதுபோல.
குளிரூட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை.
அடுத்த பயிற்சி, கோட்டில் பெயரை வெட்டி
தந்தை பெயரைத் தனியே அச்சிடுவது.
திங்கள் இரவு அதை அழித்து
பேருந்துத் தடங்களின் எண்களைப் போட்டேன்.
சுங்கை நிபோங், ஜெட்டி, பாயான் பாரு.
யாருக்கும் வலிக்காத எண்கள்.

"பாடத்திட்டத்தில் வேறல்லவா இருந்தது?"
ரேணுமதிதான். அச்செடுத்து வைத்திருக்கிறாள்.
"பழையதையே கொடுங்க மேடம்.
மதிப்பே வைக்காத மாறி வேற,
காலியா வச்ச மாறி வேறன்னு சொன்னீங்க.
என்னோடது எதுன்னு ஓட்டிப் பார்க்கணும்."

கொடுத்தேன்.
வேறென்ன செய்வது, நானும் ஏ/பிதான்,
கையெழுத்தில் அந்தக் கோட்டை
பார்க்காமலே இழுத்துப் பழகியவள்.

நான்கரை மணிக்கு மழை.
பாலம் பாதி வரைதான் தெரிந்தது.
எல்லாரும் போன பின் விடைகளைத் திறந்தேன்.
சிலர் வரிவரியாய் எச்சரிக்கை வாங்கியிருந்தார்கள்,
மதிப்பில்லாததைப் பயன்படுத்துகிறாய்,
மதிப்பில்லாததைப் பயன்படுத்துகிறாய் என்று.
அவளுடையதில் ஒன்றுகூட இல்லை.
பெயர் இருந்தால் அச்சிடு,
இல்லையேல் அடுத்ததற்குப் போ.
அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

கடைசி வரியில் ஓர் அரைப்புள்ளி விட்டிருந்தாள்.
அந்த இடத்தில் அது இல்லாமலும் ஓடும்.
இருந்தாலும்
அரைப்புள்ளி குறைத்தேன்.