நாய் உள்ள வீடு

தம்பிலுவிலில் அன்று வெட்டவேண்டிய இணைப்புகள்
பதினொன்று.
இரண்டாவது: சுகிர்தமலர், கடற்கரை வீதி,
மூன்று மாத நிலுவை,
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபா.

ஏணியைச் சுவரில் சாத்தினேன்.
கச்சான் காற்று ஒரு பிடி மணலை அள்ளி
என் கண்ணுக்குள் போட்டது.
கசக்கித் திறந்தபோது
குசினி யன்னலுக்குள்
ஒருத்தி விளாம்பழங்களை ஒவ்வொன்றாய்
முழங்கால் உயரத்திலிருந்து நிலத்தில் விட்டுக்கொண்டிருந்தாள்.

துள்ளியது ஒரு பக்கம்.
பொத்தென்று கிடந்தது மறுபக்கம்.

"துள்ளுறதெல்லாம் காய் தம்பி.
நீங்க கரண்ட் வெட்டத்தானே வந்த?"

ஓம் என்று சொல்ல
ஏனோ கூச்சமாக இருந்தது.
குறடு கையிலேயே இருந்தது.

கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டு.
ஓடு விரிந்ததும் வந்த மணத்தை
புளிப்பா, கள்ளா, பழைய வெல்லமா என்று
மூக்கு தீர்ப்புச் சொல்லுமுன்
வாய் நனைந்துவிட்டது.
சிரட்டை அகப்பையால் வழித்தாள்.
தண்ணீர் விட்டுப் பிசைந்தாள்,
மணிக்கட்டு வரைக்கும் மண்ணிறமாக.
வடியில் விதையும் நாரும் தங்க
கீழே சட்டியில் கூழ் சொட்டியது, மெதுவாக,
எனக்கு வேலை இருப்பது தெரியாதது மாதிரி.

தேங்காயின் முதற்பால்.
இம்மி உப்பு.
எல்லாவற்றையும் கையால் போட்டவள்
சீனியை மட்டும் கரண்டியால் அளந்தாள்.
அளந்தபின் கொஞ்சம் திருப்பிக் கொட்டினாள்.

கழுவிக் கவிழ்த்த யோகட் கோப்பைகள்
நாற்பது.
அடியில் ஒரு விரற்கடை எருமைத்தயிர்,
மேலே கூழ், நடுவே ஒரு குச்சி.
"ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும்.
ஒரு கோப்பை அம்பது ரூபா.
கரண்ட் இருந்தாத்தான் இது கல்லாகும்.
கல்லானாத்தான் காசு.
காசு வந்தா மறுகா உங்கட கரண்ட்.
மூண்டு நாள் தாங்க."

ஏணியில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
நாற்பது, ஐம்பது, மூன்று நாள்: ஆறாயிரம்.
சீனி கழிய, தயிர் கழிய,
மழை வராவிட்டால்,
பிள்ளைகளிடம் ஐம்பது ரூபா இருந்தால்,
சரியாக வரும்.
சபை இப்படியெல்லாம் கணக்குப் போடாது.

கோப்பைகளை உள்ளே அடுக்கிக்
கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தினாள்.
மூலையில் அந்தக் கிழட்டு பிரிட்ஜ்
ஒருமுறை உறுமிற்று.

காரணம் எழுதும் கட்டத்தில் எழுதினேன்:
நாய் கட்டப்படவில்லை. உள்ளே போக முடியவில்லை.

மூன்றாவது வீட்டை வெட்டினேன்.
நாலாவதையும்.
அங்கே யன்னல்கள் சாத்தியிருந்தன.
உள்ளே என்ன உறைந்துகொண்டிருந்தது என்று
நான் கேட்கவில்லை.
ஐந்தாவது வீட்டில் ஒரு மனிதர்
எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டார்.
அதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒன்றரைக்குப் பள்ளிக்கூட வாசல்.
வெள்ளைச் சட்டைகள் எல்லாம்
ஒரு ரெஜிபோம் பெட்டியைச் சுற்றி.
வரிசையில் நின்றேன்.
என்னைத் தெரிந்தவள் போல் அவள் காட்டிக்கொள்ளவில்லை.
நூறு ரூபாத் தாளை வெளிச்சத்தில் பார்த்து
மிச்சம் ஐம்பதைச் சரியாகத் தந்தாள்.

முதற் கடியில் பல் கூசியது.
பிறகு புளிப்பு.
பிறகு தயிர் வந்து சமாதானம் பேசியது.
வடிக்குத் தப்பிய ஒரு விதை
கடைவாயில் மாட்டிக்கொண்டது.
எட்டாவது வீடுவரை
நாக்கு அதையே நோண்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கந்தோரில்
பொறுப்பதிகாரி தாளைப் புரட்டிக் கேட்டார்:
"கடற்கரை வீதியிலயா? எனக்குத் தெரியாத நாய்.
என்ன நிறம்?"

வெள்ளை, சேர், என்றேன்.
காலடியில் மட்டும்
கொஞ்சம் துரு.