சேம் சைடு கோல்

பர்னோ நகரத்து டிராம் பணிமனையில்
எனக்கு இரவு வேலை.
கடைசி வண்டி வந்து அடைந்தபின்
முதல் வண்டி நாலே காலுக்குக் கிளம்பும்வரை
நான் உலகக் கோப்பையின் நடுவர்.

பந்து கிடையாது.
முப்பத்திரண்டு நாடு, நாட்டுக்கு ஒரு பாட்டு,
எட்டுப் பிரிவு, காலிறுதி, அரையிறுதி,
எல்லாம் இணையத்தில்.
பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு.
சொந்த நாட்டுக்குப் போடக் கூடாது.
நாலு நிமிடம் தாண்டினால் ஆஃப்சைடு.
மஞ்சள் அட்டை இதுவரை மூன்று.
ஒன்று மால்டாவுக்கு,
எதிரணிப் பாட்டைக் கொட்டாவி என்றதற்கு.
மற்ற இரண்டும் மால்டாவுக்கே.
(இரண்டு மஞ்சள் ஒரு சிவப்பு என்பதை
அவருக்காக மறந்திருந்தேன்.)

பிரேசில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது.
ஜெர்மனியை வழியனுப்பியது லெசோத்தோ.
இறுதி ஆட்டத்தில் யாரும் எதிர்பாராத ஜோடி:
பராகுவே, ஃபரோ தீவுகள்.

பராகுவேக்கு நின்ஃபா.
என்கார்னசியோனில் கால்நடை மருந்துக் கடை.
அவள் இறக்கியது ஒரு குவாரானிப் பாட்டு.
பாலத்தில் ஏற மறுக்கும் காளையிடம்
ஒருவன் கெஞ்சுகிறான்,
பின்னால் யாழ் சிரிக்கிறது.

ஃபரோவுக்கு ஹெய்னி.
மீன்பிடிக் கப்பலில் சமையல்.
அவன் பாட்டில் ஒரு பெண்
மூடுபனியைத் திட்டித் தீர்க்கிறாள்.
வாத்தியம் இல்லை,
பலகைத் தரையை மிதிக்கும் ஐம்பது கால்கள் மட்டும்.

ஞாயிறு நள்ளிரவு விசில்.
பதினொன்றரைக்கு நிலவரம்:
ஃபரோ பதினாறு, பராகுவே பதினைந்து.
வர வேண்டியது ஹெய்னியின் வாக்கு ஒன்றுதான்.
அதுவும் பராகுவேக்குத்தான் போக முடியும்.
வந்தால் சமன்.
வராவிட்டால் கோப்பை அவன் வீட்டுக்கு.

அவனோ ஐஸ்லாந்துக்குத் தெற்கே எங்கோ.
சிக்னல் அங்கே நண்டு மாதிரி,
எட்டிப் பார்க்கும், ஒளியும்.
"பழம் நழுவிப் பாலில் விழுகிறது,
யாரும் கையைத் தட்டாதீர்கள்" என்றது நார்வே.
நின்ஃபா எதுவும் எழுதவில்லை.
அவள் வாக்கு ஹெய்னிக்கு விழுந்து நாலு நாளாகிறது.
விதிப்படி வேறு வழியில்லைதான்,
ஆனாலும் முதல் நாளே.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
கப்பல் தலைவரின் செயற்கைக்கோள் தொலைபேசியை
என்ன பொய் சொல்லி வாங்கினானோ,
ஒரே ஒரு சொல் வந்தது:
காளை.

தன் வலைக்குள் தானே.
எத்தனையோ சேம் சைடு கோல் பார்த்திருக்கிறேன்,
எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது
இதற்கு மட்டும்.

பெனால்டி விதியை எழுதியது நான்தான்,
மூன்றாவது பீருக்குப் பிறகு:
"சமனானால், அடுத்து நடுவர் கண்ணில் படும் ஆளே தீர்ப்பு."
நாலு மணி வரை யாரும் படவில்லை.
பிறகு துடைப்பத்தோடு த்ரஹோமீரா,
பதினாலாம் வண்டியில் வாந்தியெடுத்தவனின்
பரம்பரையை விசாரித்துக்கொண்டு.

ஒரு காதில் பஞ்சு. மறு காதில் மாட்டினேன்.
காளையைக் கேட்டாள், முகத்தில் ஒன்றும் இல்லை.
மூடுபனியைக் கேட்டாள், கால் லேசாக ஆடியது.
தாளமா, ஷூவுக்குள் தண்ணீரா, தெரியவில்லை.
இரண்டும் எதைப் பற்றி என்றாள். சொன்னேன்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.
"அந்த மாடு கடைசியில் பாலத்தைத் தாண்டியதா?"

ஒரு மாதப் போட்டியில்
ஒருவரும் கேட்காத கேள்வி.
நின்ஃபாவிடம் கேட்டேன்.
உடனே பதில் வந்தது:
"அதற்கு முன்னால்தான் வெட்டினேன்,
உங்கள் நாலு நிமிட விதிக்காக."
கூடவே முழுப் பாட்டும். ஒன்பது நிமிடம்.

பதினாலாம் வண்டிப் படியில் உட்கார்ந்தோம்,
ஆளுக்கொரு காது.
ஓட்டுநர் மணியடித்தார். கையைக் காட்டி நிறுத்தினாள்.

கோப்பை யாருக்கு என்று
மால்டா இன்னும் நச்சரிக்கிறது.
நாலாவது மஞ்சள்.

அன்று முதல் வண்டி ஆறு நிமிடம் தாமதம்.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்
எழுதிவைத்தேன்:
பாலத்தில் மாடு.