மூன்றில் ஒரு வரிசை

கடிதம் ஓல்ட்டனிலிருந்து வந்திருந்தது.
நீல மை, கோடு போட்ட தாள்,
தண்டவாளம்போல நேரான கையெழுத்து.
ஹான்ஸ்யோர்க் வூத்ரிஹ், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்.
செவ்வாய்க்கிழமைக் குழியை அழுத்தினாராம்.
அலுமினியம் கிழிந்தது. எதுவும் விழவில்லை.

எங்கோ உருண்டிருக்கும் என்று
டார்ச்சோடு தரையில் தவழ்ந்திருக்கிறார்.
ஃபிரிட்ஜை நகர்த்தியிருக்கிறார்,
எழுபத்தொரு வயதில்.
பிறகுதான் இன்னொன்று தோன்றியிருக்கிறது:
விழுங்கிவிட்டேனோ,
விழுங்கியதை மறந்துவிட்டேனோ.
மூன்று நாள் மனைவியிடம் சொல்லவில்லை.

புகார் என்ற சொல் எங்கும் இல்லை.
தெரிந்துகொள்ள விரும்புகிறேன், அவ்வளவே.

முட்டென்ஸில் எங்கள் லைன்
இரவு இரண்டு மணிக்கும் ஓடும்.
நொடிக்கு எண்பது வரிசைக் குழிகள்.
மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா.
நீங்கள் ஒருமுறை இமைப்பதற்குள்
ஐம்பது படம் எடுத்துவிடும்.
அதற்கு நிறம் வேண்டாம்.
புள்ளிக்கு எட்டு பிட்,
கருப்பிலிருந்து வெள்ளைவரை இருநூற்று ஐம்பத்தாறு படி,
அதற்குள் மாத்திரை இருக்கும், அல்லது இருக்காது.

எங்கள் இலக்கணத்தில் மாத்திரை என்றால்
கண் இமைக்கும் நேரம் என்று
உர்ஸ் ப்ரோட்பெக்கிடம் ஒருமுறை சொன்னேன்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
புள்ளி வைத்த எழுத்துக்கு அரை.
"அரை மாத்திரை என்றால்
நடுவில் ஒரு கோடு போட்டிருக்குமே,
உடைப்பதற்கு?" என்றான்.
சிரித்தோம். நல்ல இரவு அது.

இப்போது பதிவேட்டைத் திறக்கிறேன்.
மார்ச் பதினொன்று.
அன்று பார்வையாளர்கள். வெள்ளை அங்கி,
தலைக்கு வலை, ஷூவுக்கு நீல உறை.
திரையில் எல்லாமே சாம்பலாக இருக்கிறதே என்றார் ஒருவர்.
மாத்திரையோ இளஞ்சிவப்பு, அவ்வளவு அழகான இளஞ்சிவப்பு.
'படவடிவம்' என்ற பெட்டியைத் திறந்து
வண்ணத்துக்கு மாற்றினேன்.
ஆகா என்றார்கள்.

புள்ளிக்கு இருபத்துநான்கு பிட்,
கேபிள் மட்டும் அதே கேபிள்.
ஒருவர் நுழையும் வாசலில்
மூவர் கைகோத்து வந்தால் என்ன ஆகும்?
நொடிக்கு நூற்று அறுபது பிரேம்
ஐம்பத்து மூன்றாக விழுந்தது.
எண்பதில் ஐம்பத்து மூன்று போனால் இருபத்தேழு.
மூன்றில் ஒரு வரிசை
யாரும் பாராமல் மூடி ஒட்டப்பட்டுப் போயிருக்கிறது.

திரையின் மூலையில் 'தவறியவை' என்று
ஒரு எண் ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.
பொடி எழுத்து. சாம்பல் நிறம்.

17:12, என் பெயர்.
17:52, உர்ஸின் பெயர், பழையபடி கறுப்பு வெள்ளை.
அவன் சொல்லவில்லை.
காப்பாற்றவா, கவலைப்படாமலா,
இதுவரை நான் கேட்கவில்லை.
நாற்பது நிமிடம்.
அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு வரிசை.
அதில் காலிக்குழி எத்தனை?
ஒன்று தெரியும். அது ஓல்ட்டனில் இருக்கிறது.

பதிலுக்கு ஒரு படிவம் உண்டு.
வருந்துகிறோம், மாற்றுப்பெட்டி இணைத்துள்ளோம்.
அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
நீங்கள் மறக்கவில்லை, மறந்தது நான்.
தரப்பிரிவின் ஃபிரான்சிஸ்கா ஷாவ்ப்
கோபமில்லாமல், அளவுகோல் வைத்து,
அந்த வரியை மட்டும் அடித்தார்.

கடிதத்தின் அடியில் தொலைபேசி எண்.
ஏழுக்குக் குறுக்கே தெளிவான கோடு.
பதினான்காம் எண் டிராம் நிறுத்தத்தில்,
காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அழுத்துகிறேன்.
ஒரு நொடி ஒலி, நான்கு நொடி அமைதி.
அந்த அமைதியில் ஒவ்வொரு முறையும்
முன்னூற்று இருபது வரிசை கடந்துபோகும்.

பிறகு யாரோ எடுக்கிறார்கள்.
"வூத்ரிஹ்" என்கிறது
ஒரு பெண்குரல்.